விடை தேடும் முன் கேள்வியைச் சோதியுங்கள்: இயற்கையைப் பற்றிக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நண்பகல் வெயிலில் தண்ணீர் ஊற்றினால் செடியின் இலை ஏன் கருகுகிறது?” தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. விடையும் தயாராக இருக்கிறது: இலைமேல் நிற்கும் நீர்த்துளி வெயிலை ஒரு புள்ளியில் குவித்துச் சுட்டுவிடுகிறது. கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. இலை உண்மையிலேயே கருகுகிறதா என்று மட்டும் இருவரும் பார்க்கவில்லை.

ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் என்ற இயற்பியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைச் சோதித்துப் பார்த்து, 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இலைமேல் சிறு கண்ணாடி மணிகளை வைத்து வெயிலில் காட்டியபோது இலை கருகியது. வழவழப்பான இலைகளில் நீர்த்துளிகளை வைத்தபோது கருகவில்லை. துளி அங்கே தட்டையாகப் படர்ந்துவிடுகிறது. அது குவிக்கும் ஒளி இலைக்கு வெகு கீழே போய்த்தான் ஒன்றுசேரும். போதாததற்கு, நீர் இலையைக் குளிர்விக்கவும் செய்கிறது. விதிவிலக்காக அமைந்தது சால்வினியா என்ற மிதக்கும் பெரணி. அதன் இலையிலுள்ள நுண்மயிர்கள் துளியை உருண்டையாகவே தூக்கிப் பிடிப்பதால் ஒளி சரியாக இலைமேல் குவிந்து சுட்டது. ஆக, நண்பகலில் துவண்டுபோன செடி, மண்ணும் காய்ந்திருந்தால், மாலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. நண்பகலில் ஊற்றும் நீரில் ஒரு பங்கு வீணாக ஆவியாகிவிடும் என்பது உண்மைதான்; அது வேறு விஷயம்.

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கூற்று ஒளிந்திருக்கிறது. “இலை கருகுகிறது” என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் “ஏன் கருகுகிறது” என்று கேட்கவே முடியும். உயிரியலானாலும் விண்வெளியானாலும், ஆர்வமுள்ளவர்கள் வழி தவறும் இடங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

“பூமி சூரியனுக்கு அருகில் போவதால்தானே கோடை வருகிறது?” என்பதும் அப்படிப்பட்டதே. பூமியின் பாதை முழுவட்டம் இல்லை என்பதால் தூரம் மாறுவது உண்மை. ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். மிகத் தள்ளி இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். வட அரைக்கோளத்தில் ஜனவரி குளிர்காலம்! இந்த எண்கள் நினைவில் இல்லாவிட்டாலும், வடக்கே குளிர் அடிக்கும்போது தெற்கே கோடை என்ற ஒரு செய்தி போதும். தூரம்தான் காரணம் என்றால் பூமி முழுக்க ஒரே நேரத்தில் கோடை வந்தாக வேண்டும். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பது. சூரியனை நோக்கிச் சாய்ந்த பாதியில் வெயில் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீள்கிறது.

“நாம் பார்க்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை எப்போதோ செத்துவிட்டனவாமே?” என்பதற்குச் சுருக்கமான விடை: இல்லை. வெறுங்கண்ணால் தெரியும் விண்மீன்கள் ஏறக்குறைய எல்லாமே சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருக்கின்றன. மிகக் குறைவாக வாழும் விண்மீனுக்கே ஆயுள் பல லட்சம் ஆண்டுகள். ஒளி வந்துசேர எடுக்கும் சில ஆயிரம் ஆண்டுகள் அதற்குமுன் பெரிய காலமே இல்லை.

எவ்வளவு என்று கேட்காமல் விடுவது

செடி எதைத் தின்று வளர்கிறது? மண்ணை என்பதே நீண்ட காலம் பலரது நம்பிக்கை. பிளெமிய மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட் 17-ஆம் நூற்றாண்டில் எடை போட்டுப் பார்த்தார். உலர்த்திய மண் சுமார் 90 கிலோவைத் தொட்டியில் நிரப்பி, 2 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவைத் தாண்டியிருந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 60 கிராம்தான். ஒரு நம்பிக்கையை ஒரு தராசு வீழ்த்திய இந்தச் சோதனையைவிட அழகான தோட்டக்கலைப் பாடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் முடிவு செய்தது: மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது. மண்ணையும் மரத்தையும் எடை போட்டவர் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. இத்தனைக்கும் காற்றுக்கும் வாயுக்களுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர்ந்தவர்களில் அவரும் ஒருவர். கரி எரியும்போது வெளிவரும் வாயுவைப் (இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்பது) பற்றி எழுதியும் இருக்கிறார். மரம் அந்த வாயுவைத்தான் உள்ளே இழுத்து உடம்பாக்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பச்சைப் பகுதிகள் மட்டுமே இந்த வேலையைச் செய்கின்றன என்று யான் இங்கன்ஹவுஸ் காட்ட 1779 வரை ஆயிற்று. அதற்குப் பிறகும் ஒரு தவறு தங்கியிருந்தது: இலை வெளிவிடும் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடை உடைத்துக் கிடைப்பது என்று எண்ணினார்கள். பாடம் முடித்த பலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தண்ணீரை உடைத்துக் கிடைப்பது. சாம் ரூபனும் மார்ட்டின் கேமனும் 1941-ல் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பை (அதே தனிமத்தின் எடை கூடிய அணுவகையை) தண்ணீரில் அடையாளமாக வைத்துக் காட்டினார்கள்.

மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி காற்றிலிருந்து எடுத்த கார்பன் என்று மனத்தில் பதிந்துவிட்டால், சுற்றுச்சூழல் பற்றிய பல குழப்பங்கள் தாமாகவே விலகும். “நாம் மூச்சு விடுவதும் புவி வெப்பமாவதற்குக் காரணம்தானே?” என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். கோடிக்கணக்கான பேருக்குக் கணக்குப் போட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கார்பன் உணவிலிருந்து வந்தது; அந்த உணவைப் பயிர் சற்று முன்புதான் காற்றிலிருந்து எடுத்துச் செய்தது. வாங்கியதையே திருப்பித் தருகிறோம். காற்றின் கணக்கில் மிச்சம் ஏறுவதில்லை. நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த கார்பன். அதை எரிப்பதுதான் காற்றுக்குப் புதிய வரவு.

இதைச் சோதிக்கவும் வழி உண்டு. உயிருள்ளவற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை சிறிதளவு இருக்கும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். கோடி ஆண்டுப் பழைய எரிபொருளில் அது மிஞ்சியிருக்காது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, அதில் கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப்போவதை 1950-களிலேயே ஹான்ஸ் சூஸ் மர வளையங்களில் அளந்துவிட்டார். மூச்சுக்காற்றுதான் காரணம் என்றால் அந்தப் பங்கு இப்படிக் குறைந்திருக்காது.

வரவை மட்டும் பார்த்துச் செலவை மறப்பதன் இன்னொரு விளைவு, “உலக ஆக்சிஜனில் 20% அமேசான் காடு தருகிறது” என்ற வாசகம். காடு ஏராளமாக ஆக்சிஜன் உண்டாக்குவது உண்மை. அந்தக் காட்டின் மரங்கள் சுவாசிப்பதிலும், உதிர்ந்த இலைகளும் விழுந்த மரங்களும் மட்குவதிலும் ஏறக்குறைய அவ்வளவும் செலவாகிவிடுகிறது. நிகரம் பூஜ்யத்துக்கு அருகில். வளிமண்டலத்தின் 21% ஆக்சிஜன், மட்காமல் கடலடியில் புதைந்துபோன உயிர்ப்பொருளின் எதிர்க்கணக்காகப் பல கோடி ஆண்டுகளில் சேர்ந்த இருப்பு. உலகின் காடுகள் அத்தனையும் எரிந்தாலும் அந்த இருப்பில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது. இதைச் சொன்னால், காட்டை அழிக்க வாதாடுவதாகச் சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்தக் காட்டின்மேல் உள்ள அக்கறையால்தான் சொல்கிறேன். அமேசானைக் காக்க அசைக்க முடியாத காரணங்கள் இருக்கின்றன: அது பிடித்து வைத்திருக்கும் கார்பன், ஒரு கண்டத்தின் மழையை ஊட்டும் நீராவி, வேறெங்கும் இல்லாத உயிரினங்கள். நல்ல நோக்கத்துக்குத் தவறான காரணத்தைக் கொடுத்தால், அந்தக் காரணம் உடையும் நாளில் நோக்கமும் அடி வாங்கும்.

“கார்பன் டை ஆக்சைடு காற்றில் வெறும் 0.04%, அதனால் என்ன ஆகிவிடும்?” என்பவர்கள் எதிர்ப்பக்கம் சறுக்குகிறார்கள். வறண்ட காற்றில் 99%-ஆக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தரையிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய விட்டுவிடுகின்றன. மிச்சமுள்ள சொற்பத்தில்தான் அதைப் பிடிக்கும் வாயுக்கள் இருக்கின்றன. அந்தச் சொற்பத்தில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 என்ற அளவிலிருந்து 420-ஐத் தாண்டிவிட்டது. ஓசோன் இன்னும் குறைவு: வளிமண்டலத்து ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும். அந்த 3 மில்லிமீட்டர்தான் புறஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கிறது. (ஓசோன் துளை வழியாக வெப்பம் உள்ளே இறங்குவதுதான் காலநிலை மாற்றம் என்று இரண்டையும் ஒன்றாக்குவதையும் விட்டுவிடுங்கள். இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள்.)

சோதனை நடந்த இடத்தை மறப்பது

வீட்டுக்குள் தொட்டிச்செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பதற்கு 1989-ல் நாசா நடத்திய ஆய்வைக் காட்டுவார்கள். ஆய்வு நடந்தது உண்மை. பென்சீன் போன்ற வாயுக்கள் குறைந்ததும் உண்மை. ஆனால் அது காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் நடந்தது. அடைபட்ட விண்கலத்தில் வாழ்வது எப்படி என்பதே அவர்களுடைய கேள்வி. நம் வீட்டுக் கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கிறது. 2019-ல் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சோதனைகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டார்கள். அந்தச் சாதாரணக் காற்றோட்டத்துக்குச் சமமாகச் செடிகள் வேலை செய்ய, தரையில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. செடி வையுங்கள், கண்ணுக்கும் மனத்துக்கும் நல்லது. காற்றுக்கு ஜன்னலைத் திறவுங்கள்.

தொட்டியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நீர் வடிவதற்காக அடியில் கூழாங்கல் பரப்புவது பரவலான வழக்கம். தர்க்கம் சரியாகத்தான் தோன்றும்: கல்லுக்கு இடையில் இடைவெளி அதிகம், ஆகவே தண்ணீர் எளிதாக இறங்கும். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண் தன் குறுகிய இடுக்குகளில் நீரை இறுகப் பிடித்துக்கொள்கிறது; அகலமான இடைவெளியால் அதை இழுக்க முடியாது. நனைந்த பஞ்சைச் சல்லடைமேல் வைத்ததுபோல, மண்ணின் அடிப்பகுதி முற்றிலும் ஊறிய பிறகே கல்லுக்குள் சொட்டும். கல் போட்டதால் அந்த ஊறிய பகுதி வேருக்கு இன்னும் அருகே ஏறிவிடுகிறது, அவ்வளவே. தொட்டியில் ஓட்டை இருக்க வேண்டும், மண் கலவை பொலபொலவென்று இருக்க வேண்டும், கல் வேண்டாம்.

மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் மேலும் ஊற்றிவிடாதீர்கள். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்ணிடுக்கில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதற்காக என்று மட்டுமே கேட்பது

உயிரியலில் “இது எதற்காக?” என்ற கேள்வி பாதித் தூரம் கொண்டுபோகும், பிறகு கைவிட்டுவிடும். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளையை இயக்கும் ஒரு நரம்பு மூளையிலிருந்து கிளம்பி, கழுத்து முழுக்கக் கீழிறங்கி, இதயத்துக்கு அருகே பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து முழுக்க மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. சில அங்குலத்தில் முடிந்திருக்க வேண்டியது பல மீட்டர் நீள்கிறது. எதற்காக? எதற்காகவும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை கிடைக்கும். மீன் போன்ற மூதாதையில் இந்த நரம்பு செவுள் பகுதிக்கு நேர்வழியாகப் போனது. கழுத்து என்று ஒன்று உருவாகி இதயம் கீழே நகர்ந்தபோது, ரத்தக்குழாயில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே நீண்டது. நம் உடம்பிலும் அதே நரம்பு அதே சுற்றுவழியில்தான் போகிறது. “மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?” என்ற கேள்வியும் இங்கேயே தீரும்: இன்றைய குரங்கும் நாமும் ஒரு பழைய மூதாதையின் தனித்தனிக் கிளைகள்.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லை என்பதும், கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்பதும் காட்சியைக் காரணமாக எடுத்துக்கொள்வதால் வருபவை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் தரையிலுள்ள ஈர்ப்பில் 90%-க்கு அருகில் இருக்கிறது. நிலையமும் வீரர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் மிதக்கிறார்கள். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால் நாம் உறைந்துபோவோம், ஆனால் பூமியின் பாதை மாறாது.

கடைசியாக, எளிய கேள்வி என்று ஒதுக்கிவிடும் தவறு. “இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?” என்று குழந்தை கேட்டால், சூரியன் மறைந்துவிட்டது என்று முடித்துவிடுகிறோம். கெப்லர் 1610-லும் ஓல்பர்ஸ் 1823-லும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள். எல்லையில்லாமல் விரிந்த, என்றென்றும் இருந்துவரும் அண்டத்தில் விண்மீன்கள் பரவியிருந்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஏதோ ஒரு விண்மீனில்தான் போய் முட்டும். வானம் முழுவதும் சூரியனின் முகம் போல எரிய வேண்டும். தூரத்து விண்மீன் மங்கலாயிற்றே என்றால், தூரம் கூடும் அதே வீதத்தில் அங்குள்ள விண்மீன்களின் எண்ணிக்கையும் கூடி அதை ஈடுகட்டிவிடும். தூசி மறைக்கும் என்றால், காலப்போக்கில் தூசியே சூடேறி ஒளிரத் தொடங்கும். தவறு ‘என்றென்றும்’ என்ற அனுமானத்தில் இருந்தது. அண்டத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள். அதற்கு அப்பாலுள்ள ஒளி நம்மை வந்தடைய நேரமே போதவில்லை. அண்டத்துக்கு வயது 3,80,000 ஆண்டுகள் இருந்தபோது அதை நிறைத்திருந்த ஒளி, இடைவெளி விரிந்ததில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாக நீண்டுவிட்டது. ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1965-ல் அறிவித்தது அதைத்தான்: எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் வரும், இரவு பகல் மாறாத ரேடியோ இரைச்சல்.