கிளிமஞ்சாரோ அடிவாரத்துக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

தான்சானியாவின் வடக்கே, மோஷி நகரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சில மாத ஊழியத்துக்குப் போகும் தமிழர், முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1840களில் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னாளில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாகக் காரணமாயிருந்த அதே லைப்சிக் மிஷன்தான், 1893இல் கிளிமஞ்சாரோ சரிவில் சாகா மக்களிடையே பணியைத் தொடங்கியது. ஆகவே அங்கே நீங்கள் சந்திக்கப் போவது நாலைந்து தலைமுறையாக விசுவாசத்தில் நிற்கிற சபை. முதல் சில வாரங்கள் விருந்தாளியாக இருக்கக் கற்றுக்கொள்வதே உங்கள் வேலை.

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த அனுமதி வேண்டும் என்பதை உங்களை அழைக்கிற சபையிடமே கேட்டு, மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். பாலித்தீன் பைகளுக்கு 2019 ஜூன் முதல் அங்கே தடை இருப்பதால், அம்மா கட்டித் தரும் பொடிகளையெல்லாம் டப்பாவிலோ துணிப்பையிலோ வையுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள், கொசுவலைக்குள் தூங்குங்கள். காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஊர் திரும்பிச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்காவில் இருந்துவந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு முதலில் சறுக்கியது கடிகாரத்தில். சபை மூப்பர் ஒருவர், மறுநாள் 'ஸா டாட்டு'வுக்கு வீட்டு ஜெபம் என்றார். ஸா என்றால் மணி, டாட்டு என்றால் மூன்று. அவ்வளவு சுவாஹிலி தெரிந்த பெருமையோடு பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றேன். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன, தேநீர்ப் பிளாஸ்க் கவிழ்த்துக் காயவைக்கப்பட்டிருந்தது. வீட்டு அம்மா 'போலே, போலே' என்று எனக்காக வருத்தப்பட்டு, இஞ்சி தட்டிப் போட்டு மறுபடியும் தேநீர் கொதிக்கவைத்தார். அவர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, ஒன்பது மணி அவர்களுக்கு மூன்று. ஆறாம் மணி நேரம் முதல் ஒன்பதாம் மணி நேரம் வரை இருள் சூழ்ந்தது என்று வேதத்தில் வாசித்துவிட்டு, பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது புதிய கணக்கே அல்ல. நம் பாட்டன்மாரும் உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள். சொன்ன எண்ணோடு ஆறைக் கூட்டுங்கள்; காலையா இரவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வணக்கம். வயதில் மூத்தவர் யாரைக் கண்டாலும் 'ஷிகாமோ' என்று சொல்ல வேண்டும். அவர் 'மரஹபா' என்பார். வழியில் பிள்ளைகள் உங்களுக்கு 'ஷிகாமோ' சொன்னால், பதிலுக்கு நீங்களும் அதையே சொல்லாமல் 'மரஹபா' என்று சொல்லுங்கள். கடையில் எடுத்த எடுப்பில் 'அரைக் கிலோ தக்காளி' என்று கேட்பது முரட்டுத்தனமாகப் படும். வீடு, வேலை, உடல்நலம் விசாரித்த பிறகே விலைக்கு வரவேண்டும். ஒரு வீட்டு வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து 'கரிபு' என்று வந்த பிறகுதான் காலடி வைக்க வேண்டும். உங்களைப் பார்த்து 'முஹிண்டி' என்று கூப்பிட்டால் கோபம் வேண்டாம். இந்தியர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்தியர் என்றாலே கடை முதலாளி என்று பழகியவர்களுக்கு, ஞானஸ்நானம் பெற்ற இந்தியர் ஒரு வியப்பு.

சாப்பாட்டில் நமக்குச் சிரமம் குறைவு. உகாலி என்பது மக்காச்சோள மாவுக் களி. ஒரு பிடி எடுத்து வலக்கையில் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, அந்தக் குழியில் கீரையையோ அவரைக் குழம்பையோ அள்ளிச் சாப்பிடுவார்கள். சாப்பிடும் முன் வீட்டுப் பிள்ளை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து உங்கள் கையில் ஊற்றும்போது, எழுந்து குழாயைத் தேடிப் போகாமல் கையை நீட்டுங்கள். ஊறுகாய்ப் பாட்டில் உங்கள் அறையிலேயே இருக்கட்டும்; விருந்து மேசையில் அதைத் திறந்தால் சமைத்தவருக்கு மனம் நோகும்.

உண்மையில் கவனம் வேண்டிய இடம் பணம். பள்ளிக் கட்டணத்துக்கு யாராவது உதவி கேட்டால், நம் ஊர் வழக்கப்படி 'பார்க்கலாம்' என்று நழுவாதீர்கள். அங்கே அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு காத்திருந்த ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். முடியாதென்றால் மெல்லச் சொல்லிவிடுங்கள், முடியுமென்றால் சபை மூப்பர்கள் வழியாகக் கொடுங்கள்.

காணிக்கை கொடுக்க மட்டும் தயங்க வேண்டாம். ஞாயிறு ஆராதனை இரண்டு மூன்று மணி நேரம் நீளும். பணமில்லாதவர்கள் முட்டை, வாழைக்குலை, கோழி என்று கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வெளியே அவை ஏலம் போகும். நீங்களும் துணிந்து கேளுங்கள். கோழி உங்களுக்கு விழுந்தால், கால் கட்டிய அந்தக் கோழியை என்ன செய்வதென்று விழிக்காமல், நீங்கள் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். மாலைக்குள் அது குழம்பாகிவிடும்.