டிக்கட்டில் பொய் எழுதியதாகக் கடிதம் வந்தால்

நர்ஸாக வேலை செய்யும் உங்கள் மேல், நோயாளியின் டிக்கட்டில் பொய் எழுதியதாகக் குற்றச்சாட்டு வந்தால், முதல் வேலை, பேனாவை மூடி வையுங்கள். "பதிவைப் பொய்யாக எழுதியிருக்கிறீர்கள்" என்று வார்டில் பேச்சு எழுந்த நிமிடத்திலிருந்து அந்த பி.எச்.டி.யையோ (நோயாளியின் கட்டில் டிக்கட்), மருந்து சார்ட்டையோ, டி.டி.ஏ. புத்தகத்தையோ (மோர்பின் போன்ற ஆபத்தான மருந்துகளின் கணக்கு) தொடாதீர்கள். விட்டுப்போன ஒரு கையெழுத்தைப் போட்டுவிடலாமே என்று கை துறுதுறுக்கும், மேலே உள்ளவர்களே "போட்டுருங்க மிஸ், சரியாப் போயிரும்" என்பார்கள், வேண்டாம். இலங்கை மலையகத்தில் இருபது வருடத்துக்கு மேல் நைட் டியூட்டி பார்த்தவள் நான். முதலில் பெரிதாக எந்தப் பிழையும் செய்யாமல், பிறகு திருத்தப் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

அப்புறம், உங்கள் மேல் சொல்லப்படுவது சரியாக என்ன என்று பாருங்கள். பிந்தி எழுதுவது ஒன்று, பிழையாக எழுதுவது இன்னொன்று, பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது மூன்றாவது. குற்றம் சாட்டுபவர்கள் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள், அதைப் பிரித்துக் காட்டுவதுதான் பாதி வழக்கு. இரவு இரண்டரைக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறி அம்பியூலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, இரண்டு மணிக்கு எடுத்த பிரஷரை நான்கு மணிக்கு உட்கார்ந்து எழுதினால் அது பிந்திய பதிவு. ஆனால் வார்டு முழுக்க ஒரே பேனாவில் 120/80 என்று இறங்கியிருந்தால் அதற்கு விளக்கம் சொல்வது கஷ்டம். உண்மையிலேயே அப்படி எழுதியிருந்தால் விசாரணையில் இன்னொரு பொய் சொல்லாதீர்கள், வாயைத் திறக்குமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

நம் பக்கத்து ஆட்கள் அதிகம் சறுக்குவது முதனிலை விசாரணையில்தான். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போவார்கள், நமக்குச் சிங்களம் பேச வரும், வார்டில் நாள் முழுக்கப் பேசுகிறோம்தானே, ஆனால் கையால் வேகமாக எழுதிய ஒரு பக்கத்தை வாசிப்பது வேறு கதை. "பிறகு எழுதினேன்" என்று நீங்கள் சொன்னது "பிறகு சேர்த்தேன்" என்று விழுந்திருந்தால் அதன் கீழே உங்கள் கையெழுத்துதான் இருக்கும். வெட்கப்படாதீர்கள். தமிழில் வாக்குமூலம் தருகிறேன் என்று கேளுங்கள். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி, இது யாரும் போடும் பிச்சை இல்லை. மறுத்தால், விளங்காததில் ஒப்பமிட முடியாது என்பதை அன்றைக்கே கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

அன்று இரவு நடந்ததை வீட்டுக்குப் போனதும் உங்களுக்காக ஒரு கொப்பியில் நேர வரிசையாக எழுதி வையுங்கள். உங்கள் கதையைத் தாங்கும் பதிவுகள் வேறு இடங்களில் இருக்கும்: டியூட்டி ரோஸ்டர், அட்மிஷன் புத்தகம், இடமாற்றப் பதிவு, அம்பியூலன்ஸ் ஓட்டக் குறிப்பு. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். டிக்கட்டை போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நோயாளியின் இரகசியத்தை வெளியிட்டதாக இரண்டாவது குற்றச்சாட்டு வரும். எழுத்தில் கேளுங்கள். ரோஸ்டர் போன்றவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது, தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அரச வேலையில் இருப்பவர்களுக்கு சார்ஜ் ஷீட் வந்தால் தாபன விதிக்கோவையின் (அரச ஊழியர்களுக்கான விதிப் புத்தகம்) இரண்டாம் தொகுதிதான் வழிகாட்டி. சாட்சிகளின் பட்டியலும் ஆவணங்களின் பட்டியலும் அதோடு இருக்கிறதா பாருங்கள், அந்த ஆவணங்களைப் பார்வையிட்ட பிறகே பதில் எழுதுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனிப் பதில், அழுகையும் குடும்பக் கஷ்டமும் வேண்டாம். விசாரணையில் உங்கள் சார்பில் பேச ஒருவரை வைத்துக்கொள்ளலாம், நல்ல பேச்சாளரை விட விதிக்கோவையைக் கரைத்துக் குடித்தவரைத் தேடுங்கள். டி.டி.ஏ. கணக்கில் மோர்பின், பெத்திடின் குறைந்த விஷயம் என்றால் அது பொலிஸ் வரைக்கும் போகலாம், அங்கே தொழிற்சங்கம் மட்டும் போதாது. வேலை வேறு, தாதியாகத் தொழில் செய்யப் பெற்ற பதிவு (ரெஜிஸ்ட்ரேஷன்) வேறு என்பதையும் மறக்காதீர்கள், ஒன்றில் கொடுத்த பதில் மற்றதிலும் எடுத்துக் காட்டப்படும். தனியார் ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள் என்றால் வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

இன்னொரு விஷயம், கொழும்பில் இருப்பவர்களுக்கு இது புரியாது. தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) விலாசத்துக்கு வரும் பதிவுத் தபால் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் வந்து சேரப் பத்து நாள் ஆகும். அரசு உங்கள் உரிமையை மீறியதென்று போடும் அடிப்படை உரிமை வழக்குக்கு இருப்பதோ ஒரே மாதம். அதனால் டவுனில் நம்பிக்கையான ஒரு கடை விலாசத்தையோ சொந்தக்காரர் விலாசத்தையோ எழுத்தில் அறிவியுங்கள், கடிதம் வந்த கவரையும் எறியாதீர்கள், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கும்.