டெல்டா நாயகிக்கு உடை வரைவது எப்படி

காவிரி டெல்டாவில் நடக்கிற சூப்பர் ஹீரோ கதைக்கு உடை வரையப் போகிறீர்களா? பென்சிலை எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளுக்கு என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள். 1938-ல் வந்த சூப்பர்மேன் பேன்ட்டுக்கு மேல் ஜட்டி போட்டதற்கே காரணம் இருக்கிறது, அந்தக் காலத்து சர்க்கஸ் பலசாலிகள் அப்படித்தான் உடுத்தினார்கள், அதனால் பார்த்தவுடனே இவன் பலசாலி என்று அந்த ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது. அதையே கொண்டுவந்து திருவாரூர் வயலில் நிறுத்தினால் நம் ஆட்களுக்கு ஒன்றும் புரியாது.

ஒரு உதாரணத்தோடு போவோம். நாயகி பகலில் நடவுக்குப் போகிறவள். கொள்ளிடக் கரையில் உடைப்பு எடுத்தால் முதலில் போய் அடைக்கிறவள்.

இவளுக்குப் பாதி உடை ஏற்கெனவே தயார். நடவுப் பெண்களை உற்றுப் பாருங்கள்: தூக்கிச் செருகிய புடவை, அதற்கு மேல் வீட்டு ஆம்பளையின் முழுக்கைச் சட்டை, தலையில் இறுகச் சுற்றிய துண்டு. வெயிலையும் பயிரின் சுணையையும் தாங்கத்தான் அந்தச் சட்டை. எனக்கு இதைவிடப் பொருத்தமான சூப்பர் ஹீரோ உடை தோன்றவில்லை, ஏனென்றால் ஒரே வயலில் பத்துப் பதினைந்து பேர் இப்படியே குனிந்து நிற்கும்போது அவள் யாரென்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் கண்ணை மட்டும் மறைக்கிற முகமூடி எதற்கும் உதவாது, நடையை வைத்தே இன்னார் மகள் என்று சொல்லிவிடுவார்கள்.

தோளில் பறக்கிற அங்கி வேண்டவே வேண்டாம். சவுக்குக் கம்பு அடித்து மணல் மூட்டை இறக்குகிற இடத்தில் தண்ணீர் இழுக்கிற இழுப்புக்கு அது கழுத்தை நெரித்துவிடும். அந்த இடத்துக்குத் துண்டு போதும். சுருட்டினால் மூட்டை தூக்கச் சும்மாடு, முறுக்கினால் கயிறு, கிழித்தால் காயத்துக்குக் கட்டு, களத்தில் நெல் தூசிக்கு மூக்கோடு சேர்த்துச் சுற்றினால் முகமூடி. கதையில் இந்த நாலையும் ஒவ்வொரு இடத்தில் காட்டுங்கள், துண்டு தன்னால் அவளுடைய அடையாளம் ஆகிவிடும்.

துண்டுக்கு என்ன நிறம்? இங்கேதான் நிதானம் வேண்டும். பச்சைத் துண்டு என்றால் விவசாய சங்கம், சிவப்பு என்றால் நாகை, திருவாரூர் பக்கம் உடனே செங்கொடி ஞாபகம் வரும். அந்த அர்த்தம் கதைக்கு வேண்டுமென்றால் துணிந்து வையுங்கள், தெரியாமல் மட்டும் வைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது இன்னொரு கணக்கு. சம்பாப் பயிரில் பச்சை மறைந்துவிடும், அறுப்புச் சமயத்தில் மஞ்சள் மறைந்துவிடும், புதுவெள்ளம் வந்தால் காவி நிறமும் காணாமல் போகும். இந்த மூன்றிலும் தனியாகத் தெரிகிற கத்தரிப்பூ நிறத்தைத்தான் நான் எடுப்பேன்.

காலுக்கு பூட்ஸ் போடாதீர்கள், சேறு பிடித்து இழுத்துக்கொள்ளும். பாதம் வெறுமனே இருக்கட்டும். வரப்பில் விரியன் கிடக்கும், அதனால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் கெட்டியான துணிச் சுற்று ஒன்று கொடுங்கள்.

மாதத்தையும் மறக்கக் கூடாது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும்போது மேலே சொன்ன உடை சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த மாதிரி ஒரு ராத்திரியில் அவள் வெளியே போக வேண்டுமென்றால், புடவையைக் கச்சம் வைத்துக் கட்டி, சட்டையின் தொளதொளப்பைக் கயிற்றால் இடுப்போடு இறுக்கிவிடுங்கள். காற்று பிடிக்க எதுவும் தொங்கக் கூடாது.

சின்னத்துக்கு எல்லாரும் சோழர் புலியைத்தான் தேடுவார்கள். நான் ஆற்றையே வைப்பேன்: முக்கொம்பில் பிரிந்து, கல்லணையில் மறுபடி பிரிந்து போகிற கோடுகள். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் ஒரு கோட்டைக் குறையுங்கள்.

அப்புறம் முழு உடையையும் மூன்று தடவை வரையுங்கள், காய்ந்தது ஒன்று, நனைந்து உடம்போடு ஒட்டியது ஒன்று, இடுப்பு வரை சேறு அப்பியது ஒன்று. சின்னத்தை நெஞ்சில் போட்டிருந்தால் அழித்துவிட்டு முதுகுக்குக் கொண்டுபோங்கள், குனிந்து நடுகிறவளுக்கு முதுகுதான் வெளியே தெரியும்.