அஜைல் டீமுக்கு முதலில் காலடி வரிசை

ஒரு டீம் அஜைலுக்கு (வேலையைச் சின்னத் துண்டுகளாக முடித்து, அவ்வப்போது திருத்திக்கொண்டே போகும் மென்பொருள் முறை) மாறும்போது, வேலைகளைக் கார்டுகளாக ஒட்டிவைக்க எந்த போர்டு, எந்த டூல் என்பதிலேயே முதல் மாதம் போய்விடுகிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இவர்கள் எந்தப் பழக்கத்தில் எந்தப் படியில் நிற்கிறார்கள்?

ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் கற்பதை மூன்று படிகளாகப் பார்ப்பார்கள்: ஷு, ஹா, ரி. ஷுவில் ஆசிரியர் சொன்னதை அப்படியே செய்ய வேண்டும். ஹாவில் காரணம் புரிந்து மாற்றிப் பார்க்கலாம். ரிக்கு வந்தவருக்கு விதி நினைவுக்கே வராது, ஆனால் செய்வது சரியாக இருக்கும். மென்பொருள் டீம்களிடம் இதைக் கொண்டுவந்து பரப்பியவர் அலிஸ்டர் காக்பர்ன். 2001-இல் அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் அவரும் ஒருவர்.

நான் மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் ஸ்க்ரம் மாஸ்டர். ஸ்க்ரம் என்ற அஜைல் முறையை டீம் சரியாகப் பின்பற்ற உதவுவது என் வேலை. பள்ளி நாட்களில் திருப்பரங்குன்றத்தில் சிலம்பம் பழகினேன். எங்கள் ஆசான் லேசில் கம்பைக் கையில் கொடுக்க மாட்டார். காலடி வரிசைதான், திரும்பத் திரும்ப. கால் தானாக இடம் மாறத் தொடங்கிய பிறகுதான் வீச்சு. அந்தப் பொறுமையைத்தான் டீமிடமும் கேட்கிறேன்.

படியை டீமுக்கு ஒட்டாதீர்கள், பழக்கத்துக்கு ஒட்டுங்கள். ஒரே டீம் கோட் ரிவ்யூவில் (ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பது) ஹாவிலும், ஆட்டோமேஷன் டெஸ்ட்டில் ஷுவிலும் இருக்கலாம். கண்டுபிடிக்க நான் கேட்பது இரண்டே கேள்வி: "இதை எதுக்குச் செய்றோம்?", "இதை ரெண்டு வாரம் விட்டா முதல்ல எது கெடும்?" "பிராசஸ்ல இருக்கு, அதான்" என்று பதில் வந்தால் அது ஷு. "ரிவ்யூவை விட்டா பேமென்ட் மாட்யூல்ல ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச கோட் சேர்ந்துரும்" என்று குறிப்பாகச் சொன்னால் ஹாவுக்குத் தயார். ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் சீனியர் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள்.

டீம் தினமும் கூடும் குறுகிய கூட்டமான ஸ்டாண்ட்-அப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ரம் முறையின் கையேடான ஸ்க்ரம் கைடு சொல்வது 15 நிமிடம், தினமும், ஒரே நேரம், ஒரே இடம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகளை 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இந்தப் பழக்கத்தில் ஷுவில் இருக்கும் டீமுக்கு நான் அவற்றைத்தான் கொடுக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாதவருக்கு அது பிடிமானம். நம் ஊர் டீம்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லாரும் லீடைப் பார்த்து "சார், நேத்து..." என்று ஒப்பிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் அது விழாது. அதனால் லீடைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள், ஆன்லைன் என்றால் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள். ஓரிரு மாதம் இப்படிப் போகட்டும். தடையைக் கேட்டவுடன் ஒருவர் தானாக "ஸ்டாண்ட்-அப் முடிஞ்சதும் வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்ல ஆரம்பித்தால், மூன்று கேள்விகளை விடலாம். போர்டில் முடியப்போகும் கார்டிலிருந்து தொடங்கி, இதை முடிக்க யார் என்ன செய்யணும் என்று பேசட்டும். அது ஹா.

ஸ்பிரின்ட் என்பது ஒரு தொகுதி வேலையை எடுத்து முடிக்கும் நிலையான கால அளவு. அதன் நீளம்தான் மதுரையில் உண்மையான சோதனை. சித்திரைத் திருவிழா வரும்போது எதிர்சேவைக்குத் தல்லாகுளம், மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகை என்று பாதி டீம் லீவில் இருக்கும். "இந்த ஸ்பிரின்ட்டை மட்டும் மூணு வாரமா நீட்டிக்கலாமே" என்று கேட்பார்கள். ஷுவில் இருக்கும் டீமுக்கு என் பதில்: நீட்டாதீர்கள். இரண்டு வாரம் இரண்டு வாரமாகவே இருக்கட்டும், வேலையைக் குறைத்து எடுங்கள். நீளம் மாறினால் போன ஸ்பிரின்ட்டோடு ஒப்பிட முடியாது, கிளையன்ட் ரிவ்யூ தேதியும் நகரும். எவ்வளவு எடுத்தால் முடியும் என்று கணிப்பதுதான் இந்தப் படியின் பயிற்சி. ஆள் குறைந்த வாரத்தில்தான் அது நன்றாகப் பழகும்.

ஹாவில் இருக்கும் டீம் மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்கு முன் போர்டில் மூன்று வரி எழுத வேண்டும்: எதை மாற்றுகிறோம், எது சரியாகும் என்று எதிர்பார்க்கிறோம், எந்த ரெட்ரோவில் (ஸ்பிரின்ட் முடிவில், வேலை செய்த விதத்தை அலசும் கூட்டம்) திரும்பிப் பார்ப்போம். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்று வரியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எழுதாத மாற்றம் சோம்பலா முன்னேற்றமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

ரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரெட்ரோவை நிறுத்திவிட்டு "நாங்க ரி" என்று சொல்லும் டீமிடம், ரெட்ரோ செய்த வேலையை இப்போது எது செய்கிறது என்று கேளுங்கள். பில்ட் (எல்லார் கோடையும் சேர்த்து ஓடும் மென்பொருளாக்குவது) உடைந்த அன்றே நான்கு பேர் கூடிக் காரணத்தைச் சரிசெய்கிறார்கள் என்றால், சரி, நம்பலாம். பதில் இல்லை என்றால் ரெட்ரோவைத் திரும்ப வையுங்கள்.

சீனியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஃப்ரெஷர் வந்து, ஸ்டோரி எனும் வேலைத் துண்டைப் பற்றி, "ஸ்டோரியை எவ்வளவு சின்னதா உடைக்கணும்?" என்று கேட்டால், "அது சூழ்நிலையைப் பொறுத்துப்பா" என்று சொல்லாதீர்கள். உங்கள் அனுபவத்துக்கு அது உண்மை, அந்தப் பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "ரெண்டு நாள்ல முடியுற அளவு" என்று ஒரே பதில் கொடுங்கள். ஹாவில் இருப்பவர் அதையே கேட்டால் "போன ஸ்டோரி ஏன் நாலாவது நாளுக்குப் போச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள். புதியவர் சேரும் ஸ்பிரின்ட்டில், அவர் இருக்கும் வேலைகளுக்கு மட்டும் ஷு விதிகளைத் திரும்பக் கொண்டுவருவதும் நல்லது.

மேனேஜர்கள் இந்தப் படிகளை அப்ரைசலில் சேர்க்கக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மதிப்பெண்ணாக மாறிய மறுநாளே எல்லாப் பழக்கத்துக்கும் எல்லாரும் ரி என்று எழுதுவார்கள், பிறகு அந்த இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையான பதில் வராது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், டெஃபனிஷன் ஆஃப் டன் என்பேன், அதாவது ஒரு வேலை எப்போது முடிந்ததாகும் என்ற பட்டியல். டெவலப்பர், டெஸ்டர், ப்ராடக்ட் ஓனர் (எந்த வேலை முதலில் என்று முடிவு செய்பவர்) மூவரும் உட்கார்ந்து நாலைந்து வரி எழுதுங்கள்: ரிவ்யூ முடிந்தது, டெஸ்ட் பாஸ், ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் சோதிக்கும் இடம்) ஓடுகிறது, இப்படி. அடுத்த சில ஸ்பிரின்ட்டுகளுக்கு, ஒரு வரி குறைந்தாலும் அந்தக் கார்டு முடிந்ததாகக் கணக்கில் வராது. கிளையன்ட் அவசரப்படுத்தும் வெள்ளிக்கிழமை மாலையிலும் அப்படித்தான்.