கீழரத வீதிக் கூட்டத்தை இருபது நிமிடத்தில் வரைவது எப்படி?

சாயங்காலம் ஐந்தரைக்குத் திருநெல்வேலி கீழரத வீதியில், நெல்லையப்பர் கோயில் வாசலுக்கு எதிரே போய் நில்லுங்கள். வெயில் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கியிருக்கும். இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசை, ஆட்டோ, பைக், பூக்கூடை எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்து விழும். புதிதாக வரைகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ஒரே ஒரு கோட்டில் தொடங்குங்கள்.

ஏ5 ஸ்கெட்ச் புக்கும் 0.5 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பேனாவும் போதும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அழித்துக்கொண்டிருந்தால் அதற்குள் தெரு மாறிவிடும். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், கை பட்டால் இழுவிவிடும்.

முதலில் கண்மட்டக் கோடு, அதாவது உங்கள் கண் இருக்கும் உயரத்தைக் காட்டும் கோடு. தாளின் நடுவுக்குச் சற்றுக் கீழே, குறுக்காக, லேசாகப் போடுங்கள். நான் பல மாதம் தடுமாறியது இங்கேதான். தூரத்து ஆட்களைச் சிறிதாக வரைந்துவிட்டு, அவர்கள் காலைப் பக்கத்து ஆளின் காலுக்கு நேராக வைத்தேன். பெரியவர்களுக்கு நடுவே சிறுபிள்ளைகள் நிற்பது போல ஆகிவிட்டது. சமதரையில் நின்று பார்த்தால், ஏறக்குறைய உங்கள் உயரம் உள்ள எல்லார் தலையும் அந்தக் கோட்டில்தான் இருக்கும், பக்கத்தில் நின்றாலும் சரி, தூரத்தில் நின்றாலும் சரி. மாறுவது கால் மட்டும்: பக்கத்து ஆளின் கால் தாளின் அடியில், தூரத்து ஆளின் கால் கோட்டுக்கு அருகில். கடைப்படியில் உட்கார்ந்து வரைந்தால் அதே கோடு எல்லாருக்கும் இடுப்புப் பக்கம் போகும். கடைப் போர்டுகளின் விளிம்பும் தூரம் போகப்போக இந்தக் கோட்டை நோக்கித்தான் இறங்கும்.

அப்புறம் ஆட்கள். தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு ஒரு முள்ளங்கி: மேலே அகலம், கீழே கூர். சேலை கட்டியவர்களுக்குக் கீழேயும் அகலம் விடுங்கள். வேட்டியை மடித்துக் கட்டியவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு குச்சி. அல்வா வரிசையை ஒவ்வொருவராகப் பிரிக்காதீர்கள். தலைகள் தனித்தனி, உடம்பெல்லாம் சேர்த்து ஒரே வெளிக்கோடு. பாதியில் ஒருவர் நகர்ந்துவிட்டால், அடுத்து வருகிறவரின் காலைப் பார்த்து முடித்துவிடுங்கள்.

கோபுரத்துக்கு வெளிக்கோடும் நிலைகளைக் காட்டும் நாலைந்து கீற்றும் போதும், சிலைகள் வேண்டாம். கடைசியாகக் கருப்பு: கடைகளின் உட்புறம், ஆட்டோவின் அடி. ரோட்டை வெள்ளையாகவே விடுங்கள்.

பின்சேர்க்கை: வாட்டர்கலர் பூசினால் மை கரைகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வாட்டர்ப்ரூஃப் மையும் காய வேண்டும். ஐந்து நிமிடம் பொறுங்கள். தாளின் கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் தாள் நெளியும்.

ஆனித் தேரோட்டக் கூட்டத்தை எப்படி வரைவது என்று இன்னொருவர் கேட்டார். அன்று கால்களே தெரியாது. கண்மட்டக் கோட்டில் நெருக்கமாகத் தலைகளை மட்டும் வையுங்கள், அதற்கு மேலே தேரை ஏற்றுங்கள்.