ஆறாத வாய்ப்புண்: பயப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை

வாயில் வந்த புண் பத்து நாளாகியும் போகவில்லை என்றால் மனசு நேராகப் புற்றுநோய்க்குத்தான் போகும். உண்மையில் பெரும்பாலான வாய்ப்புண் புற்றுநோய் இல்லை. ஆனால் வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடு குறைவாக இருந்த நம் டெல்டாவில், "சூட்டுப்புண்தான், மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டால் போயிடும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் ஆபத்து. என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேதியைக் குறியுங்கள்

புண்ணை முதலில் கவனித்த நாளை மாதக் காலண்டரில் வட்டமிடுங்கள். சாதாரணப் புண் 7 முதல் 14 நாளுக்குள் ஆறிவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். தேதி குறிக்காதவர்களுக்கு "இப்பத்தான் ஒரு வாரமா இருக்கு" என்றே இரண்டு மாதம் ஓடிவிடும்.

2. வெளிச்சத்தில் பாருங்கள்

பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். வாயைக் கொப்பளித்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, கண்ணாடி முன் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உதட்டைப் புரட்டி உள்பக்கம், பிறகு இரு கன்னத்தின் உள்பக்கம். நாக்கு நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியிலும், அண்ணாந்து மேல் அண்ணத்திலும் பாருங்கள். புகையிலை போடுகிறவர்கள் அதை அடக்கிவைக்கும் இடம், அதாவது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு, மிக முக்கியம். கடைசியாகத் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் விரலால் தடவிப் பாருங்கள்.

3. வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள்

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். சாதாரணப் புண்தான் சுரீரென்று வலிக்கும். காரமான குழம்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். புற்றுநோயோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. "வலியே இல்லை, அப்புறம் என்ன" என்பது ஆறுதலே இல்லை.

வலியை விட இவற்றைக் கவனியுங்கள்: புண்ணின் ஓரமோ அடியோ கெட்டியாக இருப்பது, தொட்டால் ரத்தம் கசிவது, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் பல் ஆடுவது, உதடோ நாக்கோ மரத்துப்போவது, கழுத்தில் கெட்டியான கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 14 நாள் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

இன்னொரு சோதனை: வாயைத் திறந்து மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை, காரம் தாங்கவில்லை என்றால், பாக்கு மெல்வதால் கன்னத்துச் சதை இறுகியிருக்கலாம். இது புற்றுநோய் இல்லை, ஆனால் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே சொல்லிவிட்டது. "நான் புகையிலை போடறதில்லையே, வெறும் பாக்குதான்" என்கிற பெரியம்மாக்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

4. உறுத்துவதை நிறுத்துங்கள்

அந்த இரண்டு வாரமும் பாக்கு, புகையிலை, பீடி, மது வேண்டாம். உடைந்த பல்லோ தளர்ந்த பல்செட்டோ அதே இடத்தில் உரசினால் பல் டாக்டரிடம் சரிசெய்யுங்கள். உரசல்தான் காரணம் என்றால் அதன்பின் இரண்டு வாரத்தில் ஆறும். சுண்ணாம்பையோ படிகாரத்தையோ புண்ணில் வைக்காதீர்கள், வெந்துபோகும். மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ், ஜெல் என்று மாற்றி மாற்றி வாங்கி நாளைக் கடத்தவும் வேண்டாம்.

5. எங்கே போவது?

பல் டாக்டர் அல்லது காது மூக்கு தொண்டை டாக்டர். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொடங்கலாம், 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள். எத்தனை நாளாக இருக்கிறது, என்ன மருந்து போட்டீர்கள், எத்தனை வருடமாக மெல்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும்" என்று தள்ளினால் குறுவை போய்ச் சம்பாவும் வந்துவிடும்.

6. சதை எடுத்துப் பார்க்கச் சொன்னால்

மறுக்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டுப் புண்ணின் ஓரத்தில் துளி சதை எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். "கத்தி பட்டால் பரவிடும்" என்று திண்ணையில் சொல்வதைக் கேட்டு எத்தனையோ பேர் திரும்பிவிடுகிறார்கள். அது உண்மை இல்லை. முடிவு வந்தால்தான் சிகிச்சையே தொடங்கும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் பல பேருக்கு ஒரு அறுவை சிகிச்சையே போதும். முடிவில் புற்றுநோய் இல்லை என்று வந்து வெள்ளைத் திட்டு மட்டும் இருந்தால், அடுத்து எப்போது காட்ட வேண்டும் என்று கேட்டு அந்தத் தேதியையும் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.