மாணவர் கணக்கில் ஓவர்டிராஃப்ட் கேட்கும் முன்

கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ள வங்கி தரும் அனுமதிதான் ஓவர்டிராஃப்ட். கல்லூரியில் படிப்பவர்களுக்கு இதை வட்டியில்லாமல் தரும் வங்கிகளும் உண்டு. சேர்க்கைக் கடிதத்தோடு போய் முதலில் அதைக் கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் தொகை உச்சவரம்புதான், உங்களுக்குக் குறைவாகவும் கிடைக்கலாம்.

பலரும் ஏமாறுவது செயலியில் தெரியும் இருப்பைப் பார்த்துத்தான். ‘எடுக்கக்கூடிய தொகை’ என்பதில் ஓவர்டிராஃப்டும் சேர்ந்திருக்கலாம். அப்படிச் சேர்ந்திருந்து, வரம்பு 500, திரையில் 200 என்றால் கையில் 200 இருப்பதாக அர்த்தமில்லை. ஏற்கெனவே 300 கடனாகிவிட்டது! இந்தக் கணக்கு மனதில் நிற்கட்டும்.

வரம்பு போதவில்லையா? தாண்டுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். அனுமதியில்லாமல் தாண்டினால் பணப் பரிமாற்றம் திரும்பலாம், கட்டணமும் விழலாம், கடன் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காக அடைப்பவரா என்று காட்டும் எண்) அடிவாங்கலாம்.

அப்புறம், வட்டியில்லாச் சலுகை எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் வரம்பைப் படிப்படியாகக் குறைப்பார்கள், அல்லது வட்டி ஓட ஆரம்பிக்கும். கடைசி வருடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கத் தொடங்குவது நல்லது.